நாலு மாத்திரை குறைகிறது

முப்பத்திரண்டு இருக்கணும், இருபத்தெட்டுதான் இருக்கு. பைக்குள்ள கையை விட்டு மறுபடியும் தடவிப் பார்க்கிறேன், தடவினா கூடிடுமா என்ன, ரெண்டு முழு அட்டை, இன்னொரு அட்டையில எட்டு, அவ்வளவுதான். ஏற்கனவே மூணு தடவை எண்ணினேன், கட்டில் மேல பரப்பி வெச்சு ஒரு தடவை, சாமி மாடத்துக்கு முன்னாடி ஒரு தடவை, கரூர் வர்ற பஸ்ல பக்கத்து சீட்டு காலியா இருந்தப்ப பைக்குள்ளயே ஒரு தடவை. டோக்கன் இருபத்தாறு. இப்பத்தான் பதினொண்ணு உள்ள போயிருக்கு. வலி நிவாரணப் பிரிவுன்னு எழுதியிருக்கிற இந்தக் கதவுக்கு எதிரே இதே பெஞ்சுல ஏழு மாசமா உக்காந்திருக்கேன், அப்பல்லாம் பக்கத்துல வீட்டுக்காரரு இருப்பாரு, சாஞ்சு உக்கார முடியாம முன்னாடி குனிஞ்சு என் முழங்காலைப் பிடிச்சுட்டு. சாயப்பட்டறையில முப்பது வருசம் நின்ன ஆளு, நல்லுசாமின்னா பட்டறையில எல்லாருக்கும் தெரியும், நெஞ்சுல ஆரம்பிச்ச கட்டி முதுகெலும்புக்கு இறங்கின பின்னாடி நிக்கவும் முடியல, படுக்கவும் முடியல. போயி இன்னையோட இருபத்தஞ்சு நாள். ராஜகுமாரி சிஸ்டர் நேத்து போன் பண்ணினாங்க. "அக்கா, மீதி மாத்திரை இருக்குமே, எடுத்துட்டு வந்து ஒப்படைச்சிருங்க, அது வீட்டுல கிடக்கக் கூடாத மாத்திரை." எத்தனை இருக்குன்னு கேட்டாங்க. எண்ணலீங்கன்னு சொன்னேன். அந்த எண்ணலீங்க எவ்வளவு சுளுவா வாயில வந்துச்சு. அம்பது வயசுல பொய் சொல்றதுக்கு நாக்கு கூசணுமே, கூசல.

அவரு வலிக்கு எண்பத்திநாலு கொடுத்தாங்க, ரெண்டு வாரத்துக்கு. ஒரு நாளைக்கு ஆறு. காலையில ஆறு மணிக்கு ஒண்ணு, பத்துக்கு, ரெண்டுக்கு, சாயந்தரம் ஆறுக்கு ஒவ்வொண்ணு, படுக்கப்போறப்ப ரெண்டு. எட்டு நாளுக்கு நாப்பத்தெட்டு ஆச்சா, ஒன்பதாம் நாள் காலையில ஆறு, பத்து, மத்தியானம் ரெண்டு, மூணு ஆச்சு, நடுவுல ஒரு நாள் வலி மிஞ்சிப்போயி சேத்துக் குடுத்தது ஒண்ணு, அம்பத்திரண்டு. எல்லாம் நோட்டுல இருக்கு. சிஸ்டர் ஸ்கேல் வெச்சு கோடு போட்டுக் கொடுத்த நோட்டு, தேதி, மணி, எத்தனை, வலி எப்பிடி. கடைசி வரி, மணி 2, ஒண்ணு, வலி பரவாயில்லை. என் கையெழுத்துதான், ஆனா பாக்க வேற யாரோ எழுதின மாதிரி இருக்கு, ஏன்னா எழுதினவளுக்கு அடுத்த வரி இல்லைன்னு தெரியாது. ஒண்ணே முக்கால் மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சிருச்சு. கொழுந்தனார் அப்ப கட்டில் கால்மாட்டுல நின்னுட்டிருந்தாரு. பொன்னுச்சாமி கெட்ட மனுசன் இல்லை. வாசல்ல பந்தலுக்குக் கீழ, வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி சொன்னாரு, "ரெண்டு மணிக்கு அண்ணி மாத்திரையக் குடுத்தாங்க. மூணே முக்காலுக்கு மூச்சு நின்னுபோச்சு. நான் பாத்துட்டேதான் நின்னேன்." அவ்வளவுதான் சொன்னாரு. அதுல என்ன தப்பு, நடந்ததுதானே. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாரு, மிச்சத்தைக் கேட்டவங்க கோத்துக்கிட்டாங்க. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த எங்க வீட்டுக்காரரு பெரியம்மா மருமக என் கையைப் பிடிச்சுட்டு, "கஷ்டப்பட வேணாம்னுதான் செஞ்சிருப்பீங்க, விடுங்க அக்கா"ன்னு சொன்னா. ஆறுதலாத்தான் சொன்னா. எனக்கு அவ கை பட்ட இடம் அன்னைக்குப் பூராவும் எரிஞ்சுது.

பன்னெண்டு, பதிமூணு ஒண்ணா உள்ள போறாங்க. பையில பேனா இருக்கு. நோட்டுல கடைசி வரிக்கு மேல, ஏழாம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கு. வலி கூடினது, சேத்து ஒண்ணு, வலி கூடினது, சேத்து ஒண்ணு, நாலு வரி எழுதிட்டா கணக்கு நேராயிரும். டாக்டரே சொல்லியிருக்காங்க, தாங்க முடியாம போனா ஒண்ணு சேத்துக் குடுக்கலாம், எழுதி மட்டும் வைங்கன்னு. யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. ஆனா எழுதினா என்ன ஆகும், கடைசி ரெண்டு நாள்ல இந்தப் பொம்பளை நாலு அதிகமா குடுத்திருக்கான்னு ஆஸ்பத்திரி நோட்டுலயே என் கையால எழுதினதா ஆகும். பொன்னுச்சாமி சொல்லாததை நானே எழுதிக் குடுத்த மாதிரி. எழுதலைன்னா, அந்த நாலு எங்கன்னு கேப்பாங்க, நான்தான் தின்னேன்னு சொல்லணும். செத்த புருசனோட மாத்திரையைத் தின்னவ. இந்தப் பக்கம் போனா அது, அந்தப் பக்கம் போனா இது. வராமலே இருந்திருக்கலாம். வாய்க்கால்ல போட்டுட்டேன்னு சொல்லியிருக்கலாம். போடத்தான் போனேன், புதன்கிழமை, வாய்க்கால் வரைக்கும் போயி அட்டையைக் கையில எடுத்துட்டேன், போட மனசு வரல. வரலைங்கிறதுதான் பயமா இருந்துச்சு. எதுக்கு வரலைன்னு எனக்குத் தெரியும்.

தோள்தான் முதல்ல. அதுல பொய் இல்லை. பெட்ஷீட்டு கம்பெனியில பதினெட்டு வருசமா ஓரம் அடிக்கிறேன், வலது கையால துணியைத் தள்ளித் தள்ளி தோள்ல இருந்து கழுத்து வரைக்கும் எட்டு வருசமா ஒரு கம்பி இழுத்துட்டே இருக்கு. மெடிக்கல்ல சொல்லி ஒரு மாத்திரை, தைலம், துணியைச் சூடு பண்ணி ஒத்தடம், இப்பிடியே ஓடிச்சு. அவரைத் தூக்கித் தூக்கி உக்கார வெச்ச ஏழு மாசத்துல அது கையைத் தலைக்கு மேல தூக்க விடாம பண்ணிருச்சு. சீவி முடிய முடியல, மகதான் சீவி விட்டா. அவளும் காரியம் முடிஞ்ச மறுநாள் வெள்ளகோவிலுக்குக் கிளம்பிட்டா, பாவம், கைக்குழந்தை. அவ போன அன்னைக்கு மத்தியானம் போன்ல அலாரம் அடிச்சுது. ரெண்டு மணி அலாரம். அதை நான் அணைக்கவே இல்லை, ஆறு, பத்து, ரெண்டு, ஆறு, பத்துன்னு அது பாட்டுக்கு அடிச்சுட்டே இருக்கு. எந்திரிச்சு மாத்திரை டப்பாவை எடுத்துட்டேன், கை பழக்கத்துல ஒண்ணைப் பிதுக்கிட்டேன், தண்ணியும் மோந்துட்டேன், அப்புறம்தான் கட்டிலைப் பாத்தேன். கட்டில் மேல மடிச்சு வெச்ச பாய். கையில மாத்திரை. தோளு தெறிச்சுது. போட்டுக்கிட்டேன். அரை மணி நேரத்துல எட்டு வருசத்துக் கம்பி தளர்ந்துச்சு, அது சரி, அதுகூட இன்னொண்ணும் தளர்ந்துச்சு. மணி ரெண்டு, ரெண்டரை, மூணு, மூணே முக்கால், தினமும் படியேறி வர்ற அந்த ஒண்ணே முக்கால் மணி நேரம் அன்னைக்கு வாசல்லயே நின்னுக்கிச்சு. உள்ள வரல. மறுநாள் தோளு அவ்வளவு வலிக்கல. ஆனா ரெண்டு மணி வந்துச்சு. அந்த ரெண்டாவது மாத்திரையை எதுக்குப் போட்டேன்னு கேட்டா தோளுக்குன்னு சொல்ல முடியாது. மூணாவதும் அப்பிடித்தான். நாலாவது போட்ட அன்னைக்கு அடுப்புல பருப்பு வெச்சிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டித் தட்டி, சன்னல் வழியா கம்பை விட்டு என்னை எழுப்பினாங்க. வீடு பூரா புகை. குக்கர் அடி கருகி ஓட்டையாகிப் போச்சு. "என்னங்க அக்கா, இப்பிடியா தூங்குவாங்க"ன்னு கேட்டாங்க. அசதிங்கன்னு சொன்னேன். அதோட நிறுத்திட்டேன், அஞ்சு நாள் ஆச்சு. நிறுத்திட்டேன்னு சொல்றேன், ஆனா வாய்க்கால்ல போடலையே.

"ஏனுங்கக்கா, பதினாறு போயிருச்சுங்களா?" பக்கத்துல ஒரு ஆளு வந்து உக்காந்திருக்கான், காக்கிச் சட்டை, ஆட்டோ ஓட்டறவன் போல, நாப்பது வயசு இருக்கும். சுவரோரமா சக்கர நாற்காலியில ஒரு வயசான அம்மா, கண்ணை இறுக்க மூடிட்டு, கைப்பிடியை விரலால சுரண்டிக்கிட்டு. இப்பத்தான் பதினஞ்சு போயிருக்குங்கன்னு சொன்னேன். அவன் விடல, பேச ஆள் வேணும் அவனுக்கு. பேரு தண்டபாணி, அது அவங்கம்மா, மார்புல கட்டி வந்து எலும்புக்குப் போயிருக்கு, போன வாரம்தான் இந்த மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க. பேனா என் கையில திறந்தபடியே இருக்கு, நோட்டு மடியில. அதைப் பாத்துட்டு, "நீங்க ரொம்ப நாளா வர்றீங்களாட்ட இருக்கு. யாருக்குங்க?"ன்னு கேட்டான். வீட்டுக்காரருக்குன்னு சொன்னேன். இருந்தாருன்னும் சொல்லல, இருக்காருன்னும் சொல்லல. அவன் குரலைத் தாழ்த்தி, அவங்கம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உக்காந்துக்கிட்டான். "ஒண்ணு கேக்கட்டுங்களா, இந்த மாத்திரை குடுத்தா சீக்கிரம் கொண்டுபோயிரும்ங்கறாங்களே, நிசமுங்களா? நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு குடுக்கச் சொன்னாங்க. நான் பயந்துட்டு ஒரு நாளைக்கு ஒண்ணுதான் குடுக்கறேன். அம்மா கத்துது. இருந்தாலும் என் கையால குடுத்து ஏதாச்சும் ஆயிட்டா என்னங்க்கா பண்றது."

இவனுக்கு யாரு என்கிட்ட கேக்கச் சொன்னது. எழுந்து தண்ணி குடிக்கப் போற மாதிரி போயிரலாமான்னு பாத்தேன். அந்த அம்மா சுரண்டறது நிக்கவே இல்லை, நகம் ரெக்சின்ல கிர்ர் கிர்ர்னு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாசம் அவரு கட்டில் சட்டத்தை அப்பிடித்தான் சுரண்டினாரு, கத்த மாட்டாரு, மானஸ்தன், சுரண்டிச் சுரண்டி பெயிண்ட் உதிர்ந்து நகத்துக்குள்ள ஏறிப்போயி நான் ஊசியால எடுத்து விட்டேன். பொன்னுச்சாமி அப்பல்லாம் வந்தா அஞ்சு நிமிசம் நிப்பாரு, அப்புறம் வெளிய போயி வண்டியைத் துடைச்சுட்டு இருப்பாரு, சுத்தமா இருக்கிற வண்டியைத் திருப்பித் திருப்பி. முதல் மாத்திரை குடுத்து மூணாம் நாள் அவரு தானா திரும்பிப் படுத்தாரு. "தெய்வா, அந்த ரேடியோவைப் போடு"ன்னாரு. ஒரு முழு இட்லி தின்னாரு. அடுத்த வாரம் பேத்தியை மடியில வெச்சுக்கிட்டாரு, அஞ்சு மாசமா தொடக்கூட விடாதவரு. இதெல்லாம் நடந்துச்சா இல்லையா. நடந்துச்சு. என் கையாலதான் நடந்துச்சு. அப்ப எனக்கு வாய் தானா திறந்துச்சு. "குடுங்க தம்பி. அவங்க எழுதிக் குடுத்த மணிக்கு, எழுதிக் குடுத்த அளவு, கூடவும் வேணாம், குறைக்கவும் வேணாம். எங்க வீட்டுல ஏழு மாசம் குடுத்தேன். நீங்க குடுக்காம பயந்துட்டு இருந்தா அவங்க அந்தப் பயத்தையும் சேத்துல்ல தாங்கணும். ஒரு நாளைக்கு ஒண்ணுதான் குடுக்கறேன்னு உள்ள போனதும் மறைக்காம சொல்லிருங்க." அவன் என் மூஞ்சியையே பாத்தான். "உங்க வீட்டுக்காரரு இப்ப எப்பிடி இருக்காருங்க?"ன்னு கேட்டான். "தவறிட்டாருங்க. நோய் முத்திப்போச்சு. வலியில போகல"ன்னு சொன்னேன். சொன்னப்புறம்தான் என் காதுக்குள்ள அது போச்சு. இருபத்தஞ்சு நாளா யாரும் சொல்லாத வாக்கியம், நானும் சொல்லிக்காத வாக்கியம். அவன் தலையை ஆட்டிட்டு எழுந்து போயி அவங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டான், சுரண்டற கையை. நான் பேனாவை மூடிட்டேன். அவனுக்கு அப்பிடிச் சொல்லிட்டு அந்த நோட்டுல நாலு வரி எழுத முடியாது. எழுதினா அவரு வலியில போன மாதிரி ஆயிரும், எட்டாவது நாளும் ஏழாவது நாளும் வலி கூடிச்சு கூடிச்சுன்னு. கூடல. கடைசி ரெண்டு நாள் தூங்கினாரு, முழிச்சாரு, தண்ணி கேட்டாரு. அதைப் போயி மாத்தி எழுதறதா.

ஆனா எழுதாம இருக்கறது வேற, வாயைத் திறந்து சொல்றது வேற. இருபது, இருபத்தொண்ணு. தொலைச்சிட்டேன்னு சொல்லலாம். மக எடுத்துட்டுப் போயிட்டான்னு, சீச்சீ. சொன்னா டாக்டர் என்ன பண்ணுவாங்க, போலீஸுக்குச் சொல்லுவாங்களோ, இது பூட்டி வெச்சுக் குடுக்கற மாத்திரை, ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்து. இல்லை, திட்டிட்டு விட்டுருவாங்களோ. டாக்டர் ஷாகிதா திட்டி நான் பாத்ததில்லை. ஒரு தடவை அவரு பேதி மருந்தைச் சாப்பிடாம விட்டுட்டு நாலு நாள் வெளிக்கிப் போகாம வந்தப்ப, அவரையே பாத்துட்டு இருந்தாங்க, அவ்வளவுதான், அவரு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அந்தப் பார்வையை நான் தாங்கணும். தண்டபாணி வெளிய வந்து கும்பிட்டுட்டுப் போறான். இருபத்தஞ்சு. இருபத்தாறுன்னு கூப்பிடறாங்க.

உள்ள போனதும் ராஜகுமாரி சிஸ்டர் எந்திரிச்சு வந்து என் தோளைத் தொட்டாங்க, வலிக்கிற தோளை, சுருக்குன்னுச்சு, காட்டிக்கல. அட்டையை மேசையில வெச்சேன். நோட்டையும் வெச்சேன். சிஸ்டர் எண்ணினாங்க, டாக்டர் நோட்டைப் பக்கம் பக்கமா பாத்தாங்க. அப்புறம் சிஸ்டர், ரொம்ப மெதுவா, "நாலு குறையுதுங்களே அக்கா. கடைசியில வலி அதிகமாகி சேத்துக் குடுத்திருப்பீங்க, அந்த நேரத்துல எழுத எங்க தோணும்"ன்னாங்க. பாருங்க, எழுத வேண்டாம்னு மூடின வரியை அவங்களே என் கையில வெக்கிறாங்க. தலையை ஆட்டினா போதும். டாக்டர் பேனாவைக்கூட எடுத்துட்டாங்க. "இல்லைங்க. அவருக்குக் குடுக்கல. நான் தின்னுட்டேன்." அட்டையைப் பாத்துட்டே மீதியையும் சொன்னேன். "முதல்ல போட்டது தோள் வலிக்காகங்க. அப்புறம் மூணு தோளுக்கு இல்லைங்க."

டாக்டர் பேனாவைக் கீழ வெச்சாங்க. "எப்ப கடைசியா?" அஞ்சு நாளுங்க. "ஒரே நேரத்துல எத்தனை?" ஒண்ணு ஒண்ணுதானுங்க. "தூக்க மாத்திரை, சளி மாத்திரை வேற ஏதாவது கூட?" இல்லைங்க. "ஏன் ரெண்டு மணிக்கு?" நான் ரெண்டு மணின்னே சொல்லலையே, பேச்சோட பேச்சா சொல்லிட்டேன் போல. அப்ப எல்லாம் வந்துருச்சு, அலாரம், கட்டில், பந்தல், பெரியம்மா மருமக கையைப் பிடிச்சது, பருப்பு, புகை. டாக்டர் குறுக்கே ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "மிச்சம் எல்லாத்தையும் சேத்துப் போட்டுக்கலாம்னு தோணுச்சா? மறைக்காம சொல்லுங்க." சாகணும்னு இல்லைங்க, அந்த ரெண்டு மணி வராம இருக்கணும்னுதானுங்கன்னு சொன்னேன். சொல்லிட்டு, இத்தனை நாளா கேக்க நினைச்சதைக் கேட்டுட்டேன், "அந்தக் கடைசி மாத்திரைதான் அவரைக் கொண்டுபோச்சுங்களா?" டாக்டர் உடனே இல்லைன்னு சொல்லல. சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். நோட்டைத் திருப்பி என் பக்கம் வெச்சு விரலால வரி வரியா காட்டினாங்க. "இங்க பாருங்க தெய்வானை. எட்டு நாளா அதே மாத்திரை, அதே அளவு. அவரு உடம்பு ஏழு மாசமா அதுக்குப் பழகினது. இடையில சாப்பாடு நின்னது எழுதியிருக்கீங்க, மூத்திரம் குறைஞ்சது எழுதியிருக்கீங்க, எட்டாம் நாளே மூச்சு விட்டு விட்டு வந்ததுன்னு எழுதியிருக்கீங்க. அது நோயோட முடிவு. நீங்க ரெண்டு மணிக்குக் குடுக்காம இருந்திருந்தா மூணே முக்கால் தள்ளிப்போயிருக்காது. அவரு வலியோட போயிருப்பாரு, அவ்வளவுதான் வித்தியாசம்." அப்புறம் குரல் கொஞ்சம் இறுகிச்சு. "ஆனா உங்க உடம்புக்கு அது பழக்கமில்லை. அவருக்கு மருந்தா இருந்த அதே மாத்திரை உங்க மூச்சை அடக்கியிருக்கலாம். குக்கரோட போனது உங்க அதிர்ஷ்டம். இதை நான் பதிவேட்டுல உள்ளபடி எழுதணும். எழுதறேன். தண்டனைக்கு இல்லை. நாளைக்கு யாராவது கேட்டா, நீங்களா கொண்டுவந்து குடுத்தீங்க, நீங்களா சொன்னீங்கன்னும் அதுலயே இருக்கும்."

எழுதினாங்க. சிஸ்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டாங்க. நானும் போட்டேன். இருபத்தெட்டையும் என் கண்ணு முன்னாடியே ஒரு கவர்ல போட்டு ஒட்டி அலமாரியில வெச்சுப் பூட்டினாங்க. சாவி திரும்பின சத்தத்துல எனக்கு அழுகை வந்துச்சு, அது போகுதேன்னு ஒரு துளி வருத்தமும் அதுக்குள்ள இருந்துச்சு, அதையும் சொல்லிட்டேன், இனி எதை மறைக்கிறது. "தெரியும்"னாங்க டாக்டர். "அதனாலதான் அது உங்க தோளுக்கு எழுத மாட்டேன். வாராவாரம் செவ்வாய்க்கிழமை வாங்க. அந்த ரெண்டு மணியைப் பத்திப் பேச ஒரு ஆள் இருக்காங்க, அவங்களையும் பாருங்க. உங்க கொழுந்தனாரையும் வேணும்னா கூட்டிட்டு வாங்க, நான் சொல்றேன்." வேண்டாங்கன்னு சொன்னேன். அவரு அஞ்சு நிமிசத்துக்கு மேல அறையில நிக்க முடியாத மனுசன், அன்னைக்கு மட்டும் ஒண்ணே முக்கால் மணி நேரம் நின்னுட்டாரு. என்ன பாத்தோம்னு அவருக்கே தெரியல, பாவம், அதனாலதான் மணியைச் சொல்லிட்டே இருக்காரு. நானே ஒரு நாள் சொல்லிக்கிறேன்.

எந்திரிக்கப் போனேன். "எங்க போறீங்க, உக்காருங்க"ன்னாங்க. சுத்தி வந்து என் பின்னாடி நின்னாங்க. கையைத் தூக்கச் சொன்னாங்க, காது வரைக்கும்தான் வந்துச்சு. பின்னாடி கொண்டுபோகச் சொன்னாங்க, இடுப்போட நின்னுருச்சு. இறுகிப் போயிருக்கு, பயிற்சி சொல்லித் தர்றேன், ராத்திரிக்கு ஒரு மாத்திரை, மாசக்கணக்கா ஆகும், மெதுவாத்தான் விடும், ஒரே நாள்ல விட்டுராது, பொறுத்துக்குவீங்களான்னு கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள அவங்க விரல் கழுத்தடியில இருந்து ஒவ்வொரு இடமா அழுத்திக்கிட்டு வந்துச்சு. "இங்கயா?" இல்லைங்க. "இங்க?" இல்லைங்க, இன்னும் கொஞ்சம் கீழ. எட்டு வருசத்துல இதை யாரும் தேடினதில்லை, நானும் தேடினதில்லை, தைலத்தை மொத்தமா அப்பினதோட சரி. விரல் இன்னும் கொஞ்சம் இறங்குச்சு. "இங்கயா?" ஆமாங்க. "இதுதானா?" அதுதானுங்க டாக்டர், அங்கதான், அங்கயேதான்.